படிச்சதா அர்த்தம்

அமுக்குடா பேராண்டி, தைரியமா அமுக்கு. "ஏற்கிறேன்"னு பச்சைக் கட்டத்துல எழுதிக் கெடக்குதே, அதைத்தான் சொல்றன். அதுக்கு மேல பொடி எழுத்துல என்னமோ ஓடுது. அதப் படிச்சி நேரத்தக் கெடுத்துக்காத. நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள, பாக்க வந்த கொலச் சேதியில கொலகாரன் ஜாமீன்ல வெளிய வந்துடுவான். வெவரமானவன் எவனும் அதப் படிக்கறதில்ல. எழுதுன வக்கீலே ரெண்டாந்தடவ படிச்சிருப்பாரான்னு எனக்குச் சந்தேகம்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்க. நீ படிக்கல, ஆனா படிச்சதா அர்த்தம். ஒனக்குப் புரியல, ஆனா புரிஞ்சி சம்மதிச்சதா அர்த்தம். சாயங்காலம் மழ வருமான்னு பாக்கத்தான் அந்தச் சேதித் தளத்தத் தொறந்த. பொண்ணு பாக்கப் போனவன் தாலி கட்டிட்டு வந்தாப்புல, ஒரு ஒப்பந்தத்தப் போட்டுட்டு வெளிய வந்திருக்க. பொண்ணு யாருன்னும் தெரியல, சீதனம் யாரு குடுக்கணும்னும் தெரியல.

நம்ம நெய்வேலிப் பக்கத்து சனங்களுக்கு இது புதுசா என்னா? ஜம்புலிங்க முதலியாரு நெலத்துல தண்ணிக்குத் தோண்டப்போயி கருப்பா எதுவோ வந்த காலத்த வுடு. 1956 நவம்பர்ல நிலக்கரிக் கம்பெனி பதிவாச்சி, 1957 மே 20-ந்தேதி நேரு வந்து சுரங்க வேலையத் தொடங்கி வெச்சாரு. அதுலேருந்து இந்த வட்டாரத்துல நெலம் எடுப்பு நோட்டீசுன்னா கைக்கொழந்தைக்கும் தெரியும். வெள்ளக்காரன் போட்ட 1894-ம் வருசத்துச் சட்டம் அது. அதுல 1984-ல ஒரு திருத்தம் கொண்டாந்தாங்க. ஒருத்தன் நெலத்த எடுக்கப் போறோம்னா கெஜட்டுல போட்டா மட்டும் பத்தாது, அந்த வட்டாரத்துல ஓடுற ரெண்டு தினசரியிலயும் அறிவிப்புப் போடணும், அதுல ஒண்ணாவது உள்ளூர் பாஷையில இருக்கணும். ஆட்சேபணை இருந்தா 30 நாளுக்குள்ள சொல்லணும்.

இப்ப நீயே சொல்லு. முந்திரிக் கொல்லையில கொட்ட பொறுக்கிக்கினு இருக்கறவனுக்கு கெஜட்டு எங்க வருது? தினசரி டீக்கடைக்கு வருது. அதுலயும் நோட்டீசு வர்ற நடுத்தாள எவனாவது போண்டா மடிச்சிக்கினு போயிருப்பான். இவனுக்குச் சேதி தெரியறப்ப 30 நாளு முடிஞ்சி, ஆளுங்க சங்கிலி புடிச்சி அளந்துக்கினு நிப்பாங்க. "எனக்குத் தெரியாது சார்"னா, "பேப்பர்ல வந்துதேய்யா"ன்னு பதிலு. வந்துது, வராம இல்ல. அதனால படிச்சதா அர்த்தம். 2013-ல வந்த புதுச் சட்டத்துல அவகாசத்த 60 நாளாக்கி, அரசாங்க இணையதளத்துலயும் ஏத்தணும்னு சேத்தாங்க. டீக்கடை வரைக்கும் போனவன் இனிமே கம்ப்யூட்டர் சென்டர் வரைக்கும் போவணும். நாகரிகம் வளந்துடுச்சி.

நெலத்தப் பத்தி அழுவறதுக்கு நான் இதச் சொல்லல. பத்திரிகையில போட்டுட்டா ஊரு பூரா தெரிஞ்சிக்கிச்சின்னு எடுத்துக்கறது சர்க்காரு ரொம்ப காலமா செய்யற வித்த. அத அச்சடிச்சிக் குடுத்துக்கினு இருந்த பத்திரிகைக்காரரு பக்கத்துலயே நின்னு கத்துக்கிட்டாரு பாரு, அதச் சொல்றன். இப்ப அவரு கடைக்கு நீ போனா, வாசல்லயே "உள்ள வந்தாலே எங்க நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டதாக் கருதப்படும்"னு எழுதி வெச்சிருக்காரு. எங்க எழுதி வெச்சிருக்காரு? வாசப்படிக்கு அடியில. நீ கீழ கீழ எறங்கி, நக வெளம்பரம், மூட்டு வலித் தைலம், ஒரு நடிகை கல்யாணம் எல்லாத்தையும் தாண்டிப் போனாத்தான் அந்தச் சாம்பக் கலரு எழுத்து கண்ணுல படும்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறவன். சிரிக்காத. எழுத்துக் கூட்டிப் படிக்கறவன்தான் கடைசி வரி வரைக்கும் படிப்பான். வேகமாப் படிக்கறவன் தலைப்பப் படிச்சிட்டு சண்டைக்குப் போயிடுவான். அன்னிக்கி அந்த நிபந்தனைய எழுத்துக் கூட்டலாம்னு எறங்குனன். எறங்குனா எல்லாம் இங்கிலீசு! சேதி தமிழு, ராசிபலன் தமிழு, "இத மட்டும் சாப்பிடாதீங்க"ன்னு மெரட்டுறது தமிழு, சந்தா கட்டச் சொல்லிக் கெஞ்சுறது தேன் தமிழு. நீ என்னாத்துக்கெல்லாம் கட்டுப்பட்டவன்னு சொல்ற அந்த ஒரு எடம் மட்டும் இங்கிலீசு. பெரும்பாலான தமிழ்த் தளத்துல இதான் லட்சணம். நெலத்தப் புடுங்கற சட்டத்துக்குக்கூட உள்ளூர் பாஷையில சொல்லிட்டுப் புடுங்கணும்னு ஒரு வெக்கம் இருந்துச்சி. தமிழ வளக்கறவங்களுக்கு அது இல்லாமப் போச்சேன்னுதான் எனக்கு வெசனம்.

ஒன் தங்கச்சிதான் ஒக்காந்து படிச்சி அர்த்தம் சொன்னா. எட்டாவது படிக்கற புள்ள, நம்ம வூட்டு வக்கீலு. மூணாவது வரியிலயே, "தாத்தா, 18 வயசு ஆனவங்கதான் இதப் பயன்படுத்தணுமாம்"னு படிச்சா. அந்த வயசு ஆவாத புள்ளதான் அந்த வரியப் படிச்சிச்சி. வயசான நம்ம வூட்டு ஆம்பளைங்க ஒருத்தனும் படிக்கல. 1872-ம் வருசத்து ஒப்பந்தச் சட்டத்துல, மைனர் போடற ஒப்பந்தம் செல்லாதுன்னு இருக்கு. 1903-லயே பிரிவி கவுன்சில்ல தீத்து வெச்ச சமாச்சாரம். ஆக, நம்ம வூட்டுல அந்த நிபந்தனையப் படிச்சவள அது கட்டுப்படுத்தாது. படிக்காத ஒன்னத்தான் கட்டுப்படுத்தும்.

பாஷைக்கு வரன். 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சி. ஒம்பேரு, நம்பரு, எங்க சுத்தற, என்னா படிக்கற, இதையெல்லாம் எடுக்கறதுக்கு முன்ன ஒன்னக் கேக்கணும். கேக்கறத இங்கிலீசுலயோ, அரசியல் சட்டத்து எட்டாவது அட்டவணையில இருக்கற 22 பாஷையில ஒண்ணுலயோ பாத்துக்க வழி வெக்கணும். தமிழு அதுல இருக்கு. சம்மதம் குடுக்கறது எம்மாம் சுலுவோ, அதத் திரும்ப வாங்கறதும் அம்மாம் சுலுவா இருக்கணும்னும் போட்டிருக்கு. எழுதுன ஆபீசரு நல்லாருக்கணும். விதிங்க 2025 நவம்பர்லதான் வந்துச்சி. கம்பெனிங்க செய்ய வேண்டிய முக்கியமான கடமைக்கெல்லாம் 18 மாசம் தவணை. ஒரு பக்கத்தத் தமிழ்ல எழுதறதுக்கு! மீறுனா கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம் போடலாம். ரொம்பத் துள்ளாத, அதே சட்டத்துல ஒனக்கும் பங்கு இருக்கு. பொய்ப் புகாரு குடுத்தா 10,000 ரூவா வரைக்கும் வைப்பாங்க.

இப்ப ஒங்க பெரியப்பன் சங்கதி. எம்மூத்த மவன்தான், இருந்தாலும் சொல்றன். குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு இந்திரா நகர்ல வூடு கட்டிக் குடி போனதுலேருந்து அவனுக்கு ஒரே உத்தியோகம்தான். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து நாலு பேப்பரு பிடிஎப்ப சொந்தக்காரங்க குரூப்புல போடறது. பல்லு வெளக்கறதுக்கு முன்ன போடறான். ஊருக்கு உபகாரம் பண்றதா நெனப்பு. நிபந்தனையில என்னா எழுதியிருக்கு? "உன் சொந்த உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்குக் கெடயாது, பிரதி எடுத்துப் பரப்பக் கூடாது." இவன் பரப்பறதுக்குன்னே படிக்கறவன், எப்பிடி ஒத்து வரும்?

ஆர்ச் கேட்டுப் பக்கம் டீக்கடையில ஒரு பேப்பரு எத்தினி பேருக்கு ஒழைக்கும்னு ஒனக்குத் தெரியும். ஒருத்தரு மொதத் தாளு, ஒருத்தரு வெளையாட்டுத் தாளு, கண்ணு தெரியாத ஆளுக்கு இன்னொருத்தரு ஒரக்கப் படிச்சிச் சொல்லுவாரு, நடுவுல ரெண்டு கட்சிக்காரன் மல்லுக்கு நிப்பான். சாயங்காலம் அதே தாள்ல வட கட்டுவாங்க. யாரும் வந்து "ஒரு காசுக்கு வாங்கி 40 பேரு படிக்கிறீங்களே"ன்னு கேட்டதில்ல. தாளு ஒண்ணுதான், கை மாறுச்சி, அவ்வளவுதான். போன்ல கை மாறறதே கெடயாது. இவன் ஒண்ணு அனுப்புனா 200 பேரு கையில 200 பிரதி மொளைக்குது. அங்கதான் காப்புரிமை வருது. நேரு இங்க வந்துட்டுப் போயி ரெண்டு வாரத்துல, அதே 1957 ஜூன் 4-ந்தேதி வந்த சட்டம் அது. நம்ம சுரங்கத்துக்கும் அதுக்கும் ஒரே வயசு. அதுவும் இன்னும் தோண்டிக்கினே இருக்கு.

கொரோனா அடைப்புல வாசல்ல பேப்பரு போடறது கொறஞ்சி, பிடிஎப் சுத்த ஆரம்பிச்சப்ப, தைனிக் ஜாக்ரன்னு ஒரு இந்திப் பேப்பருக்காரங்க டெலிகிராம் கம்பெனி மேல டில்லி ஐகோர்ட்டுக்குப் போனாங்க. 2020 மே கடைசியில, அந்தச் சேனலுங்கள எடு, நடத்தறவன் யாருன்னு சொல்லுன்னு உத்தரவு ஆச்சி. ஒங்க பெரியப்பன்கிட்ட இதச் சொன்னன். "அது இந்திப் பேப்பருப்பா"ன்றான். பொறியாளரா இருந்து ரிடையர் ஆனவன்!

அதுக்காவ பயந்து வாயத் தெக்காத. வடக்குத்துல பைப்பு ஒடஞ்சிச்சின்ற சேதிக்கு ஒருத்தனும் பட்டா போட முடியாது. அன்னாடச் சேதிக்குக் காப்புரிமை கெடயாதுன்னு உலக நாடுங்க கூடிப் போட்ட பெர்ன் ஒப்பந்தத்துலயே இருக்கு. அந்தச் சேதிய ஒருத்தன் ஒக்காந்து எழுதுன வரிக்குத்தான் உரிமை. சேதிய நீ ஒன் வாயால ஊரு பூரா சொல்லு. அவன் வரிய முழுசாத் தூக்காத. விமர்சனம் பண்ண, செய்தி சொல்ல, சொந்தமாப் படிக்க, நாயமா எடுத்துக்கறதுக்கு நம்ம சட்டத்து 52-ம் பிரிவுல எடம் இருக்கு. எவன் நிபந்தனை எழுதுனாலும் சட்டத்துக்குக் கீழதான்.

இன்னொண்ணும் சொல்லணும். எழுதுனவன் வயித்துக்கும் சோறு வேணும்ல? கடலூர்லேருந்து பைக்க ஓட்டிக்கினு வந்து, மந்தாரக்குப்பத்துல நின்னு வெசாரிச்சி எழுதற பையனுக்குச் சம்பளம் எங்கேருந்து வரும்? அந்த வகையில, பரப்பக் கூடாதுன்ற அந்த வரிக்கு நான் சண்டைக்குப் போவ மாட்டன். இப்ப அந்த வரிங்க ஒன்னயும் ஒங்க பெரியப்பனையும் குறி வெச்சி எழுதனதும் இல்ல. உலகத்துச் சேதியெல்லாம் மொத்தமா வாரிக்கினு போயி மெஷினுக்குப் பாடம் நடத்தறானே, செயற்கை அறிவுக்காரன், அவனுக்கு. 2023 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ் தன் நிபந்தனைய மாத்தி, இதெல்லாம் மெஷினுக்குக் குடுக்கக் கூடாதுன்னு போட்டுச்சி. டிசம்பர்ல கேசே போட்டுச்சி. 2024 நவம்பர்ல நம்ம ஏஎன்ஐ செய்தி நிறுவனமும் டில்லி ஐகோர்ட்டுக்குப் போச்சி. பெரிய எடத்துச் சண்ட. எடையில சிக்கறது அஞ்சு மணிக்கு எழுந்திருக்கற நம்ம ஆளு.

எனக்கு ரொம்பப் புடிச்ச வரி ஒண்ணு இருக்கு. "இதுல உள்ள தகவல் சரியானதுன்னோ முழுமையானதுன்னோ நாங்க உத்தரவாதம் தரல." தங்கச்சி படிச்சப்ப நான் ரெண்டு தடவ கேட்டன். "உண்மையின் குரல்"னு தலையில பட்டை கட்டிக்கிறாங்க. கால்ல பாத்தா "உண்மைக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு கொலுசு போட்டிருக்காங்க. அச்சுப் பேப்பர்லயும் வெளம்பரத்துக்குப் பொறுப்பில்லன்னு போடுவாங்கதான், வெளம்பரத்துக்கு மட்டும். சேதிக்கு அப்பிடிச் சொல்ல முடியாது. கடைசிப் பக்கத்துக் கடைசி வரியில அச்சிடறவரு, வெளியிடறவரு, ஆசிரியரு பேரு இருக்கும். 1867-ம் வருசத்துச் சட்டம் அப்பிடி. தப்பா எழுதுனா எந்த வூட்டுக் கதவத் தட்டணும்னு ஊருக்கே தெரியும். அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2023-ல புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச்சுலேருந்து நடக்குது. இந்தப் பொடி எழுத்து வரியால அவதூறு கேசுலேருந்து தப்பிச்சிட முடியும்னு நீ நெனைக்காத. ஒனக்கும் அவங்களுக்கும் நடுவுலதான் அது. பேரு கெட்டவன் எவனும் அதுல கையெழுத்துப் போடல.

அடுத்து, "எப்ப வேணா மாத்துவோம், தனியாச் சொல்ல மாட்டோம், நீயே அப்பப்ப வந்து பாத்துக்க"ன்னு ஒரு வரி. பாத்துக்கறன், எனக்கு வேற வேல இல்ல. அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2008-ல கணக்குப் போட்டாங்களாம். ஒருத்தன் வருசத்துல போற தளத்து அந்தரங்கக் கொள்கையெல்லாம் ஒண்ணு வுடாமப் படிச்சா, சுமாரா 244 மணி நேரம் ஆவுமாம். அதுக்கு லீவு எந்தக் கணக்குல போடறதுன்னு ஒங்க சூப்பர்வைசரக் கேளு. மான்செஸ்டர்ல பர்ப்பிள்னு ஒரு வைஃபை கம்பெனி 2017-ல வெளையாட்டா ஒரு வரிய உள்ள சொருவுச்சி. ஓசியில நெட்டு வேணும்னா 1,000 மணி நேரம் கக்கூசு கழுவறது மாதிரி ஊரு வேல செய்யணும்னு. ரெண்டு வாரத்துல 22,000 பேரு ஒத்துக்கிட்டான். ஒரே ஒருத்தன்தான் பாத்துச் சொன்னான். அவன் கண்டிப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கறவனாத்தான் இருப்பான்.

கம்பெனி பெரிசு, நீ சிறிசு, அவன் எழுதுனதுல நீ ஒரு புள்ளி மாத்த முடியாது. இதத் தொழிற்சங்கத்துக்காரங்கள கேட்டா வெவரமாச் சொல்லுவாங்க. கல்கத்தாவுல ஒரு சர்க்காரு படகுக் கம்பெனி, நெரந்தர ஊழியர மூணு மாச நோட்டீசுல காரணம் சொல்லாம வெளிய அனுப்பலாம்னு விதி எழுதி வெச்சிருந்துச்சி. 1986-ல சுப்ரீம் கோர்ட், பேரம் பேச வக்கில்லாதவன் தலையில இப்பிடி ஒண்ணக் கட்டுனா செல்லாதுன்னு அடிச்சிச்சி. கையெழுத்துப் போட்டதெல்லாம் வேதம்னு எவனாவது மெரட்டுனா, அந்தப் படகுக் கம்பெனிய ஞாபகப்படுத்து.

"எல்லா வழக்கும் சென்னை நீதிமன்றத்துக்கு மட்டும் உட்பட்டது"ன்னு இன்னொரு வரி. சில தளத்துல டில்லி, சில தளத்துல மும்பை. அவங்கவுங்க வூட்டு வாசல். நீ இங்கேருந்து பண்ருட்டி, விழுப்புரம்னு பஸ்ஸு மாறிப் போயி, கிளாம்பாக்கத்துல எறங்கி, வக்கீலப் புடிச்சி, வாய்தா வாங்கித் திரும்பணும். 199 ரூவா சந்தாத் தகராறுக்கு! இதுல நம்ம சேலத்துக்காரங்க ஒரு ஆட்டம் ஆடுனாங்க. குஜராத்துல கேடாப் பக்கத்து ஒரு கம்பெனிகிட்ட சரிகை நூலுக்கு ஒப்பந்தம். தகராறு வந்தா கேடா கோர்ட் எல்லைன்னு தாள்ல இருந்துச்சி. சேலத்து ஏஜென்சி கண்டுக்கல, சேலத்துலயே வழக்குப் போட்டுச்சி. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 1989-ல, கேடான்னு எழுதுனீங்க, கேடா மட்டும்னு எழுதலியே, சேலத்துலயும் நடத்தலாம்னு ஆயிடுச்சி. அதுக்கப்பறம் நாடு பூரா வக்கீலுங்க "மட்டும்" போட ஆரம்பிச்சாங்க. 2013-ல இன்னொரு வழக்குல, "மட்டும்" இல்லாட்டியும் ஊரப் பேரு சொல்லி எழுதுனா மத்த ஊர வெலக்குனதாத்தான் எடுத்துக்கணும்னு தீர்ப்பு வந்துச்சி. சேலத்துக்காரங்க நேரத்தோட ஜெயிச்சிட்டாங்க.

ஆனா ஒனக்கு ஒரு பொடக்கட வழி இருக்கு. 2019-ம் வருசத்து நுகர்வோர் சட்டம், 2020 ஜூலையில அமலுக்கு வந்தது. நீ குடியிருக்கற எடத்துலயோ வேல பாக்கற எடத்துலயோ இருக்கற மாவட்ட ஆணையத்துலயே புகாரு போடலாம். நமக்குக் கடலூரு. காலையில போயி மத்தியானம் மீன் வாங்கிக்கினு திரும்பிடலாம். ஒரே ஒரு கண்டிசன், நீ காசு கட்டியிருக்கணும். ஓசியில படிக்கறவன் நுகர்வோர் இல்ல, வேடிக்க பாக்கறவன். ஒப்பந்தமே அநியாயமா இருக்குன்னு வாதாடணும்னா மட்டும் மாநில ஆணையம். அதுக்கு மறுபடியும் சென்னை பஸ்ஸு.

சில தளத்துல கோர்ட்டே வேணாம், நாங்க சொல்ற மத்தியஸ்தருகிட்டதான் வரணும்னு இருக்கும். அமெரிக்காவுல டிஸ்னி கம்பெனி எடத்துல இருந்த ஒரு ஓட்டல்ல சாப்புட்டு, ஒவ்வாமையில ஒரு டாக்டரம்மா 2023-ல செத்துப் போச்சி. புருசன் வழக்குப் போட்டாரு. கம்பெனி வக்கீலு என்னா சொன்னாரு தெரியுமா? நீ 2019-ல எங்க சினிமாச் செயலிய ஓசியில பாக்கறதுக்குச் சேந்தப்ப மத்தியஸ்தத்துக்கு ஒத்துக்கிட்ட, கோர்ட்டுக்கு வரக் கூடாதுன்னாரு. படம் பாத்ததுக்கும் பொண்டாட்டி செத்ததுக்கும் முடிச்சு! ஊரே காறித் துப்புன அப்பறம் 2024 ஆகஸ்ட்ல அந்த வாதத்த வாபஸ் வாங்குனாங்க. நம்ம நாட்டுல நுகர்வோர் ஆணையத்துக்குப் போறத அப்பிடித் தடுக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018-லயே சொல்லிடுச்சி.

சந்தான்னதும் ஞாபகம் வருது. சலுகையில சேந்தியே ஒரு தளம், பேரச் சொல்ல வேணாம், இந்த வருசம் முழு ரேட்டுல காசு எடுத்துக்கிச்சின்னு மொகத்தத் தொங்கப் போட்டுக்கினு வந்த. தானா புதுப்பிக்கும்னு எழுதியிருந்துச்சி. நீ படிச்சதா அர்த்தம். அதுக்கு ரிசர்வ் பேங்கு 2021 அக்டோபர்லேருந்து விதி வெச்சிருக்கு. காசு எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடி ஒனக்குச் சேதி வரணும், நீ வேணாம்னு நிறுத்தலாம். வந்திருக்கும். லோன் வேணுமா, சீட்டு சேர்றியான்னு வர்ற நூறு எஸ்எம்எஸ்ஸுல அதுவும் ஒண்ணாக் கெடந்திருக்கும். சேர்றதுக்கு ஒரு அமுக்கு, வெலகறதுக்கு ஒம்போது கதவு வெச்சா, அது சந்தாப் பொறின்னு சொல்லி 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்திருக்கு. அந்த மாதிரி 13 தினுசு திருட்டு வேலைய பேரு வெச்சிப் பட்டியல் போட்டிருக்காங்க. திருடறவனுக்குக்கூட இத்தினி தினுசு தெரிஞ்சிருக்காது.

"எங்க கட்டுப்பாட்டுல இல்லாத காரணத்தால தளம் நின்னாப் பொறுப்பில்ல"ன்றத நான் சும்மா ஒப்புக்கு எழுதனதுன்னுதான் நெனச்சன். 2025 பிப்ரவரி 15 ராத்திரி விகடன் தளம் நெறையப் பேருக்குத் தொறக்கல. பிரதமர கை விலங்கோட வரஞ்ச ஒரு கேலிச்சித்திரம், அமெரிக்கா நம்ம ஆளுங்களச் சங்கிலி போட்டு அனுப்பனப்ப வந்தது. ஒரு படத்துக்காவ மொத்தக் கடைக்கும் பூட்டு. மார்ச் 6-ந்தேதி சென்னை ஐகோர்ட், அந்தப் படத்தத் தற்காலிகமா எடுத்துட்டுத் தளத்தத் தொறந்து வுடச் சொல்லுச்சி. நூறு வருசத்துப் பத்திரிகைக்கே அந்த நெலம. அதனால, அந்த ஒரு வரிய மட்டும் கேலி பண்ண எனக்கு மனசு வரல. மீதி எல்லாத்தையும் பண்ணுவன்.

செரி, போன எடு. நான் சொல்றத எழுது. அடியில குறைதீர்ப்பு அலுவலருன்னு ஒரு பேரு இருக்குதா பாரு. 2021-ல வந்த விதிப்படி 24 மணி நேரத்துல புகாரு வந்துச்சின்னு ஒத்துக்கணும், 15 நாள்ல பதிலு சொல்லணும். புகார விசாரிக்க அந்த விதியில சொன்ன மூணடுக்கு ஏற்பாட்ட அந்த வருசம் ஆகஸ்ட்லயே பம்பாய் ஐகோர்ட் நிறுத்தி வெச்சிடுச்சி. அந்தத் தடை நாடு பூராவுக்கும்தான்னு நம்ம சென்னை ஐகோர்ட்டும் அடுத்த மாசமே சொல்லுச்சி. அப்பிடியும் பல பேரு அலுவலரு பேரப் போட்டு வெச்சிருக்காங்க. பேரு போட்டா நம்ம எழுதலாம், தப்பில்ல.

எழுது. "ஐயா, வணக்கம். தங்கள் தளத்தில் செய்திகள் நல்ல தமிழில் வருகின்றன. தங்கள் நிபந்தனைகளை மட்டும் எங்கும் தமிழில் காணவில்லை. எனக்குப் புரியும் மொழியில் அனுப்பி வைத்தால், படித்துப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே நான் ஒத்துக்கொண்டது என்ன என்று தெரிந்துகொள்வேன்."

இம்மாம் போதும். கீழ ஒம்பேரப் போடு. எம்பேரு எதுக்குடா? பச்சைக் கட்டத்த அமுக்குனவன் நீ, காசு கட்டுனவன் நீ. நான் ஒன் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தவன். எனக்கும் அவங்களுக்கும் ஒப்பந்தமே கெடயாது.